பல்பர் ரிப்பேர், 20-ஆம் தேதி ரிட்டர்ன், சித்தப்பாவின் பட்டா: எதை முதலில் எடுப்பது?

நாகலூர்_மூணு_ஏக்கர் | திங்கள், இரவு 9:40

சேலத்துக்காரர்கள், மலைக்காரர்கள் யாராவது இருந்தால் ஒரு வழி சொல்லுங்கள். சுருக்கமாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை.

அஸ்தம்பட்டியில் வீடு. முன்னறையிலேயே உட்கார்ந்து பதினொரு கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது என் பிழைப்பு. போன ஆடியில் அப்பா தவறிவிட்டார். ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் அவர் வைத்திருந்த மூன்று ஏக்கர் காப்பி இப்போது என் பொறுப்பில். அப்பா இருந்தவரை நான் மேலே போனால் ஆரஞ்சு பறித்துத் தின்றுவிட்டு, களத்து ஓரம் வெயில் காய்ந்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் கீழே இறங்குகிற ஆள். காப்பிப் பழம் எடுப்பதை நானே நின்று பார்க்கிற முதல் வருஷம் இது.

இந்த வாரம் கிடப்பவை. புதன், வியாழன் இரண்டு நாள் மட்டும் எட்டு பேர் பழம் எடுக்க வருகிறார்கள், அதை விட்டால் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். பழத்தின் தோலை உரிக்கிற மெஷின், அதுதான் பல்பர், மோட்டார் போட்டால் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது, பேரிங் போயிருக்கும் என்கிறார் வாட்ச்மேன் அண்ணன், ரிப்பேர்காரர் வெள்ளிக்கிழமைதான் வருவாராம். சனிக்கிழமை 20-ஆம் தேதி, 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள், மூன்று கடைக்காரர்கள் இன்னும் பில்லே அனுப்பவில்லை. தோட்டத்தில் சில செடிகள் மஞ்சளாகி வாடி நிற்கின்றன, தண்டில் வளையம் வளையமாக மேடு தெரிகிறது, அப்பா அப்படிப்பட்டதைப் பிடுங்கிவிடுவார் என்று ஞாபகம். மிளகுக் கொடி சரிந்து தொங்குகிறது, கட்ட வேண்டும். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை, ஆபரேஷனுக்குத் தேதி வாங்க வேண்டும். பட்டா மாற்றுவதற்கு வாரிசுச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதற்குச் சித்தப்பா ஒரு நாளைக்கு மூன்று முறை போன் பண்ணுகிறார். இதற்கு நடுவில் கரண்ட் பில், காஸ், தெருக் கோவில் வசூல்.

இன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் இருப்பதிலேயே சின்னக் கடையின் பில்லை எடுத்துச் சரிபார்த்தேன், 14 பில்தான், முடித்ததும் ஒரு திருப்தி. சித்தப்பாவிடம் மூன்று முறை பேசினேன். கோவில் வசூலுக்குப் பணம் போட்டு, குரூப்பில் ஸ்கிரீன்ஷாட்டும் போட்டேன். காஸ் புக் பண்ணினேன். மத்தியானம் அம்மாவோடு உட்கார்ந்து பழைய ரேஷன் கார்டு தேடினேன். ராத்திரி எட்டு மணிக்கு நோட்டை எடுத்துப் பார்த்தால் 23 வேலையில் ஆறு அடித்தாகிவிட்டது. அந்த ஆறில் ஒன்றைக்கூட இன்றைக்கே செய்திருக்க வேண்டிய அவசியம் கிடையாது. பல்பருக்கு ஒரு போன்கூடப் போடவில்லை!

சோம்பேறியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, நாள் முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தேன். இந்த வாரத்துக்கு என்று மட்டும் கேட்கவில்லை, பொதுவாகவே வேலை குவிந்து கிடக்கும்போது எதில் முதலில் கை வைப்பது என்று நீங்கள் எப்படி முடிவு பண்ணுகிறீர்கள்?

---

கட்டம்_போடுபவன் | திங்கள், இரவு 10:05

நான்கு கட்டம் போடுங்கள். அவசரமும் முக்கியமும், முக்கியம் ஆனால் அவசரமில்லை, அவசரம் ஆனால் முக்கியமில்லை, இரண்டும் இல்லை. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் பெயரில் உலவுகிற முறை. 1954-இல் ஒரு கூட்டத்தில் அவர் பேசிய பேச்சிலிருந்து வந்தது, அவசரமானது முக்கியமாக இருக்காது, முக்கியமானது அவசரமாக இருக்காது என்று ஒரு பழைய கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் அவரே சொன்னார். முதல் கட்டத்தில் இருப்பதை முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். ஆபீஸில் நான் இப்படித்தான்.

---

நாகலூர்_மூணு_ஏக்கர் | திங்கள், இரவு 10:20

போட்டுப் பார்த்தாயிற்று தம்பி. பல்பர், பழம், ரிட்டர்ன், கண், பட்டா எல்லாம் முதல் கட்டத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டன. மற்ற மூன்று கட்டமும் காலி. கோவில் வசூலை நாலாவதில் போடலாம் என்றால் அம்மா முறைக்கிறார்கள்.

---

கேஷுவாலிட்டி_நைட்_டியூட்டி | திங்கள், இரவு 11:50

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். 16 வருஷமாக நர்ஸ், அதில் பாதி அவசரப் பிரிவில்.

உங்கள் பதிவைப் படித்ததும் ஞாபகத்துக்கு வந்தது ஒரு ராத்திரி. மலையிலிருந்து இறங்கிய ஒரு வேன் கவிழ்ந்து ஒரே நேரத்தில் பதினாலு பேரைக் கொண்டுவந்துவிட்டார்கள். வாசலிலேயே ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார், முன்கை எலும்பு முறிந்து வளைந்திருந்தது, பார்க்கிறவர்களுக்கே தலை சுற்றும். சொந்தக்காரர்கள் எல்லாம் அவரைச் சுற்றித்தான். ஓரத்தில் ஒரு அம்மா சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தார், ஒரு காயம் இல்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, முந்தானையை மட்டும் இறுகப் பிடித்திருந்தார். எங்கள் சீனியர் சிஸ்டர் கத்துகிறவரைத் தாண்டி நேராக அந்த அம்மாவிடம் போனார். கை சில்லென்று இருக்கிறது, மூச்சு நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டி ஓடுகிறது. வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. கத்துகிறவருக்கு மூச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் கத்துவதே சொல்லிவிடும், சத்தம் வராத ஆளைத்தான் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நெப்போலியன் படையில் லாரே என்று ஒரு சர்ஜன் இருந்தார். பதவி, படை எதையும் பார்க்காமல் யாருக்குக் காயம் மோசமோ அவரை முதலில் எடு என்று வழக்கம் கொண்டுவந்தவர். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று ஆளின் நிலைக்குத் தகுந்தபடி நாங்கள் பட்டை கட்டுவதற்கெல்லாம் அதுதான் ஆரம்பம். ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் யாருக்கும் வைத்தியம் பண்ண மாட்டோம், பிரிப்பது மட்டும்தான் வேலை. நீங்கள் இன்றைக்கு அதைச் செய்யவில்லை, முதலில் கண்ணில் பட்டவருக்குக் கட்டுப் போட உட்கார்ந்துவிட்டீர்கள்.

உங்கள் நோட்டில் கத்துகிறவர் சித்தப்பா. ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது பல்பர் என்று எனக்குத் தோன்றுகிறது, காப்பி எனக்குக் குடிக்க மட்டும்தான் தெரியும், மலைக்காரர்கள் சொல்லட்டும். அம்மா கண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: புரை மெதுவாக வளர்கிறது, சில வாரம் தள்ளிப்போனால் பொதுவாகப் பெரிய பாதகம் இல்லை, ஆனால் சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவர நாளாகும், அதனால் ரத்தப் பரிசோதனையை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். திடீரென்று கண் சிவந்து வலித்தாலோ பார்வை சட்டென்று குறைந்தாலோ அந்த நிமிஷமே சிவப்புப் பட்டை, காப்பி கீப்பி எல்லாம் அப்புறம். பச்சை கட்டியவர் அரை மணியில் சிவப்பாகி நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறோம், அதனால் பட்டை கட்டிவிட்டு மறந்துவிட மாட்டோம், மறுபடி ஒரு சுற்று வருவோம்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

---

இருபதாவது_வளைவு | செவ்வாய், காலை 5:30

அம்மணி, உங்கள் அப்பாவை எனக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம், நாகலூர் பக்கம் மூன்று ஏக்கர்க்காரர்கள் நிறையப் பேர். எனக்கு வயது 71, காப்பியில் ஐம்பது வருஷத்துக்குக் குறையாது. எதை முதலில் செய்வது என்று கேட்கிறீர்கள். நான் ஒன்றுதான் கேட்பேன், இன்றைக்கு விட்டால் நாளைக்கு எது கெட்டுப்போகும்? முக்கியமா முக்கியமில்லையா என்பதை அப்புறம் பேசலாம்.

பட்டா கெடாது. சான்றிதழ் இந்த வாரம் எழுதிக் கொடுத்தாலும் ஜனவரியில் எழுதிக் கொடுத்தாலும் நிலம் அங்கேயேதான் இருக்கும், நான் சொன்னதாக உங்கள் சித்தப்பாவிடமே சொல்லுங்கள். மிளகுக் கொடிக்கும் அவசரம் இல்லை, மிளகு எடுக்கிற வேலையே ஜனவரிக்கு மேல்தான்.

பழம் கெடும். செடியில் இருக்கிற பழமாவது இரண்டு நாள் பொறுக்கும், மூன்று நாள் பொறுக்கும், ரொம்ப விட்டால் கறுத்துக் காய்ந்து கீழே உதிரும், உதிர்ந்த கொட்டையில் காய்த்துளைப்பான் வண்டு குடியேறி அடுத்த வருஷக் காய்க்கு வந்து சேரும். பறித்த பழம் அந்த இரண்டு நாள்கூடப் பொறுக்காது. அன்றன்றைக்கே பல்பரில் விட்டுவிட வேண்டும். மூட்டையில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் சூடேறும், காலையில் மூட்டை வாயை அவிழ்த்தால் புளித்த வாசம் குப்பென்று வரும், அந்த வாசம் கப் வரைக்கும் போகும். ஆக, இந்த வாரம் உங்களுக்கு முதல் வேலை பழம் எடுப்பதுகூட இல்லை, பல்பர். பல்பர் இல்லாமல் எட்டு பேரை இறக்கினால் நாமே பணம் கொடுத்து நஷ்டத்தைப் பறித்துக்கொள்கிற மாதிரி. கடைசிவரை ஓடவே இல்லையா, தோலோடு அப்படியே களத்தில் மெல்லிசாகப் பரப்பி செர்ரியாகக் காய வைத்துவிடலாம், விலை பார்ச்மென்ட், அதாவது தோல் நீக்கிக் கழுவிக் காய வைத்த கொட்டை, அளவுக்கு வராது, ஆனால் மூட்டையில் அழுகுவதைவிட மேல். ஐந்து கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பார்ச்மென்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு களம் வேண்டும் என்று புரியும்.

உங்கள் நோட்டில் எழுதாத ஒன்று இருக்கிறது. பல்பரில் விட்டதோடு முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். தோல் போன கொட்டை வழவழவென்று இருக்கும், தொட்டியில் போட்டு நொதிக்க விட வேண்டும், அரபிகா வகைக்கு ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாள், இப்போது அடிக்கிற குளிருக்கு ஒன்றரைக்குக் குறையாது. கை நிறைய அள்ளி நெரித்துப் பாருங்கள், வழுக்கல் போய்ச் சரளைக்கல் மாதிரி கரகரவென்று இருந்தால் பதம், உடனே கழுவிக் களத்தில் போட வேண்டும். புதன் ராத்திரி விட்டது வெள்ளிக்கிழமை காலைக்கு வரும், வியாழன் விட்டது சனிக்கிழமை. அப்புறம் நல்ல வெயில் அடித்தால் ஏழெட்டு நாள், இந்த மாதப் பனிமூட்டத்துக்குக் கூடவே ஆகும். புதன்கிழமை பழத்தில் கை வைத்துவிட்டால் அது உங்களைச் சனிக்கிழமை வரை விடாது. ஆனால் நொதிக்கிற ஒன்றரை நாளும் நீங்கள் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கம்ப்யூட்டரை மேலே கொண்டுவந்து உங்கள் ரிட்டர்னை அங்கே போடுங்கள், சிக்னல் எங்கே வருகிறது என்று உங்கள் வாட்ச்மேனுக்குத் தெரியும்.

வளையம் வளையமாக மேடு என்று எழுதினீர்களே, அது தண்டுத் துளைப்பான். அதைப் படித்துவிட்டுத்தான் இந்த நேரத்துக்கு எழுந்து இவ்வளவு தட்டுகிறேன். அதன் வண்டு வருஷத்தில் இரண்டு தடவை வெளியே வரும், ஏப்ரல் மே ஒரு தடவை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னொரு தடவை. அது பறப்பதற்கு முன்னால், மார்ச்சிலும் செப்டம்பரிலும், தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, பிடித்த செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். செப்டம்பரில் யாரும் பார்க்கவில்லை, அப்பா போன துக்கத்தில் அது எப்படி ஞாபகம் வரும், அதை விடுங்கள். இப்போது அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்காதீர்கள், பழம் எடுக்கிற பெண்கள் எப்படியும் ஒவ்வொரு செடியிடமும் போகப் போகிறார்கள், ஆளுக்கு ஒரு கொத்து சிவப்புத் துணி கொடுங்கள், மேடு தெரிகிற செடியில் ஒரு துண்டு கட்டிவிட்டு வரட்டும். பிடுங்குவது அடுத்த வாரம். பிடுங்கினதை விறகுக்கு ஆகும் என்று வீட்டுப் பக்கம் அடுக்கி வைத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது வண்டாகி அங்கிருந்தே பறக்கும்.

காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்து இருநூறு வருஷம் ஆகிறது, ஒரு பூச்சியும் இதுவரை யாருக்கும் நோட்டீஸ் அனுப்பியதில்லை. உங்கள் ஜிஎஸ்டிக்காரர்கள் அனுப்புவார்கள். அதனால்தான் நீங்கள் அதை முதலில் எடுக்கிறீர்கள்.

---

குகை_லேத்_பட்டறை | செவ்வாய், காலை 7:15

அக்கா, ரிப்பேர்காரர் வெள்ளிக்கிழமை வரும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே வாட்ச்மேனுக்கு போன் போட்டு, பல்பரிலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் தனியாக ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் கடகட என்றால் மோட்டார் பேரிங்தான், பல்பர் நன்றாக இருக்கிறது. மோட்டாரைச் சாக்கில் கட்டிக் காலை பஸ்ஸில் போட்டுக் கீழே அனுப்பச் சொல்லுங்கள், மோட்டாருக்கு காயில் கம்பி சுற்றிக் கட்டுகிற எந்தக் கடையிலும் ஒரு மணி நேர வேலை. பழைய பேரிங் ஓரத்தில் நம்பர் அடித்திருக்கும், 6204, 6205 என்று ஏதாவது, அதே நம்பர் டவுனில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும், இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லிவிடுங்கள். சாயங்கால பஸ்ஸில் திரும்பப் போய்விடும். சின்ன பல்பர் என்றால் கை போட்டுச் சுற்றவும் சக்கரம் இருக்குமே, அதையும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

பெரியவர் சொன்னதில் ஒரு திருத்தம். எது கெடும் என்பது மட்டும் போதாது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டறையில் எனக்கு தினமும் இதே தலைவலி, ஒரு லேத், வாசலில் ஆறு பேர். பாலிடெக்னிக்கில் படித்தது ஒன்று இன்றைக்கும் கை கொடுக்கிறது. 1956-இல் ஸ்மித் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டியது: ஒரு வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் வரும் நஷ்டத்தை அதைச் செய்ய ஆகும் நாளால் வகுத்துப் பார், எது பெரிதாக வருகிறதோ அதை முதலில் எடு. ஒன்று நாளைக்கு 600 ரூபாய் நஷ்டம், முடிக்க மூன்று நாள். இன்னொன்று நாளைக்கு 300 ரூபாய்தான், ஆனால் ஒரே நாளில் முடியும். 600 பெரிது என்று அதை முதலில் எடுத்தால் அது முடிய 1,800, அடுத்தது நாலாம் நாள் முடியும், அதற்கு 1,200, மொத்தம் 3,000. சின்னதை முதலில் எடுத்தால் 300, அப்புறம் பெரியது நாலாம் நாள், 2,400, மொத்தம் 2,700. வேலை அதேதான், வரிசை மாறியதற்கு 300 ரூபாய் மிச்சம். நீங்கள் நேற்று சின்ன வேலையாகப் பார்த்து எடுத்தது தப்பில்லை, தள்ளிப்போனால் நஷ்டமே இல்லாத சின்ன வேலையாக எடுத்ததுதான் தப்பு. பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம்தான்.

இன்னொன்று. அடுத்தவர் செய்ய வேண்டிய வேலை இருக்கிறதே, அதை முதலில் கிளப்பிவிடுங்கள். பில் அனுப்பாத மூன்று பேருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட இரண்டு நிமிஷம், நீங்கள் மோட்டாரோடு அலையும்போது அவர்கள் பில் தேடிக்கொண்டிருப்பார்கள். கேட்காமல் வைத்திருந்தால் இரண்டு பேர் நேரமும் போகும். அப்புறம், பதினொன்றும் 20-ஆம் தேதியா? என் பட்டறை காலாண்டுத் திட்டத்தில் இருக்கிறது, எனக்கு இந்த மாதம் 25-க்குள் சலானில் பணம் கட்டினால் போதும் என்று என் கணக்கர் சொல்வார்.

---

இருபதாவது_வளைவு | செவ்வாய், காலை 7:40

கணக்கு சரிதான் தம்பி. அந்த 600-ம் 300-ம் எங்கிருந்து வரும்? துளைப்பான் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்று எனக்கு யாரும் ரசீது கொடுக்கவில்லை.

---

குகை_லேத்_பட்டறை | செவ்வாய், காலை 7:52

குத்துமதிப்பாகப் போடுங்கள் ஐயா. நான் வாசலில் நிற்கிற ஆறு பேருக்கும் அப்படித்தான் போடுகிறேன், பாதி நாள் சரியாக வரும்.

---

நாகலூர்_மூணு_ஏக்கர் | செவ்வாய், காலை 8:10

பெல்ட் கழற்றியும் சத்தம் வருகிறதாம்! மோட்டார் எட்டரை பஸ்ஸில் ஏறுகிறது. ஐயா, தொட்டியில் ஒன்றரை நாள் என்பது எனக்குச் சுத்தமாகத் தெரியாது, அப்பா அதை ராத்திரியோடு ராத்திரியாகப் பார்த்துவிடுவார் போல, நான் பார்த்ததெல்லாம் களத்தில் காய்வதை மட்டும்தான்.

லேத் தம்பி, பிடித்துவிட்டீர்கள். பதினொன்றில் நாலு கடை காலாண்டுதான், அவர்களுக்கு 25. இது எனக்குத் தெரியாமல் இல்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் 20-க்குள் முடித்தால் நிம்மதி என்று நானே வைத்துக்கொண்ட தேதி. பில் அனுப்பாத மூன்றில் ஒன்று அதில் வருகிறது.

---

கட்டம்_போடுபவன் | செவ்வாய், பிற்பகல் 1:30

கட்டத்தை எல்லோரும் ஓரம் கட்டிவிட்டீர்கள், இருந்தாலும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஜூ, யாங், ஷீ என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் நுகர்வோர் ஆய்விதழ் ஒன்றில் எழுதியது: இரண்டு வேலை கொடுத்து, ஒன்றுக்குப் பலன் அதிகம், இன்னொன்றுக்குப் பலன் குறைவு ஆனால் சீக்கிரம் நேரம் முடிந்துவிடும் என்றால், நிறையப் பேர் பலன் குறைந்ததையே எடுக்கிறார்களாம். நேரம் முடியப் போகிறது என்பதே இழுக்கிறது. எடுக்கிற நேரத்தில் எதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று யோசிக்க வைத்தால் அந்த இழுப்பு குறைகிறதாம். பெரியவர் சொன்ன நோட்டீஸ் விஷயமும் இதுதான். என் ஆபீஸிலும் தேதி போட்ட மெயிலுக்குத்தான் முதலில் பதில் போகிறது என்று இப்போது யோசித்தால் தெரிகிறது, கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

---

நாகலூர்_மூணு_ஏக்கர் | ஞாயிறு, இரவு 8:15

என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் தட்டியதற்கு மரியாதை இல்லை.

செவ்வாய் மத்தியானம் இரண்டு மணிக்கு மோட்டார் ரெடி, 6205, இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. கடைக்காரர் ஓட்டிக் காட்டும்வரை பக்கத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டு போனிலேயே இரண்டு கடைக்குப் பில் வாங்கிவிட்டேன். மோட்டாரோடு நானும் மேலே போய்விட்டேன். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக்கு சித்தப்பாவையே கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன், அன்றைக்கு அவர் ஒரு போன்கூடப் பண்ணவில்லை, அவருக்கு ஏதோ ஒரு வேலை வேண்டியிருந்திருக்கிறது போல.

புதன்கிழமை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. வியாழக்கிழமை பழம் நினைத்ததைவிட அதிகம் வந்தது, ராத்திரி ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று, கையால் சுற்றினோம், பதினொரு மணிக்குத் தோள் விட்டுப்போயிற்று. இரண்டு மூட்டை மிச்சம். பரப்பிவிடலாம் என்று அண்ணன் சொன்னார், நான்தான் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் வாயை அவிழ்த்தால் பெரியவர் சொன்ன அதே வாசம், கையை உள்ளே விட்டால் வெதுவெதுவென்று இருந்தது. அதைத் தனியாக செர்ரிக்குப் பரப்பியிருக்கிறேன், நல்லதோடு கலக்கவில்லை.

ரிட்டர்ன் ஏழில் ஆறு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து போட்டேன், சிக்னல் அங்கேதான். ஏழாவது கடைக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பில் கட்டை போட்டோ எடுத்து அனுப்புகிறார், அதே நேரம் இரண்டாவது தொட்டி பதத்துக்கு வந்துவிட்டது. முன்பாக இருந்தால் தொட்டியை விட்டுவிட்டு ஓடியிருப்பேன். நாற்பது நிமிஷம் கொட்டையைக் கழுவிக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாள் தாமதத்துக்கு 50 ரூபாய், அவர் கட்ட வேண்டிய வரி 12,000, பதினெட்டு சதவீத வட்டி ஒரு நாளைக்கு ஆறு ரூபாய். மொத்தம் 56. கழுவி முடித்துவிட்டு இன்றைக்குத்தான் போட்டேன், 56-ஐ என் கையிலிருந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் போட்ட சத்தம் 56 ரூபாய்க்கு மேல் இருந்தது, அதை உங்கள் கணக்கில் எங்கே வைப்பது என்று லேத் தம்பிதான் சொல்ல வேண்டும்.

அப்புறம், துணி. அம்மாவின் பழைய சிவப்புப் புடவை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை மூட்டம் விலகியதும் மேட்டில் நின்று பார்த்தேன், 37 துண்டு. தோட்டம் முழுக்கப் பரவலாக இருக்கும் என்று நினைத்தேன், 31 துண்டு கீழ்ப்பக்கம் ஒரே இடத்தில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா அங்கே நின்ற சில்வர் ஓக் மரங்களை விற்றார், என் தங்கை கல்யாணத்துக்கு. மேலே நிழலே இல்லை.

---

இருபதாவது_வளைவு | ஞாயிறு, இரவு 8:50

வெயில் படுகிற செடியைத்தான் அந்த வண்டு தேடி வந்து முட்டை வைக்கும். 37-ஐயும் இந்த வாரமே பிடுங்கி அங்கேயே எரியுங்கள். ஜூனில் மழை பிடித்ததும் அந்த இடத்தில் கல்யாண முருங்கைக் கம்பு ஊன்றுங்கள், சீக்கிரம் நிழல் கட்டும், சில்வர் ஓக் நாற்றையும் கூடவே வையுங்கள், அது வளர்ந்து வர வருஷமாகும். மார்ச்சில் மறுபடி ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும், அந்தப் புடவையில் மிச்சம் இருக்கிறதா?

---

நாகலூர்_மூணு_ஏக்கர் | ஞாயிறு, இரவு 9:05

முந்தானை இருக்கிறது ஐயா. மார்ச் முதல் தேதி என்று நோட்டில் எழுதிவிட்டேன், சிவப்பு மையில்.